விண்ணாய்வுக்கு எந்தப் பாடம்?

இளங்கலை இயற்பியல் மாணவர் மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்போது இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. விருப்பப் பாடங்களில் எதை எடுப்பது என்பது ஒன்று. முதுகலைக்கு எங்கே, எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிப்பது என்பது மற்றொன்று. அண்மை ஆண்டுகளில் இம்முடிவுகளோடு ஒரு கனவும் சேர்ந்துகொண்டது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் எம்-87 என்னும் விண்மீன் திரளின் நடுவே உள்ள கருந்துளையின் படத்தை உலகம் கண்டது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. இவற்றைக் கண்டு வளர்ந்த நம் மாணவ மாணவியர் பலர், "வானியற்பியலில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன்" என்று துணிந்து சொல்கின்றனர். கேட்கும் நமக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அடுத்து அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "வானியற்பியல் என்ற பெயரில் பாடம் எங்கே இருக்கிறது?" அப்பெயருள்ள பாடம் கிடைத்துவிட்டால் ஆராய்ச்சிக்கு வழி திறந்துவிட்டது என்றும், கிடைக்காவிட்டால் கதவு அடைபட்டுவிட்டது என்றும் எண்ணுகின்றனர். இரண்டுமே பிழையான எண்ணங்கள் என்பது என் கருத்து. இயற்பியல் பயிற்றும் பணியில் இருப்பவன் என்ற முறையில், அக்கருத்துக்கான காரணங்களை இம்மலரின் வாயிலாக மாணவ நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இது வெறும் பாடத்திட்ட விவகாரமன்று. அரசுக் கல்லூரியில் பயிலும் நம் மாணவருள் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். உதவித்தொகையையும் பெற்றோரின் உழைப்பையும் நம்பிப் படிப்பவர்கள். எம்.எஸ்ஸி. இரண்டாண்டுகளைத் தவறான பாடங்களில் செலவிட்டுவிட்டு, மீண்டும் ஒரு முறை படித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வசதி அவர்களுக்கு இல்லை. ஆகவே, தேர்ந்தெடுக்கும் முன்னரே தெளிந்துகொள்வது அவர்களுக்கே மிகத் தேவை.

மலைச்சரிவில் ஒரு பாடம்

வானியற்பியலில் பிரிவுகள் பல. அவற்றுள் நம் மாநிலத்திலேயே கண்ணால் கண்டறியத்தக்க ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது ரேடியோ வானியல். உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1970ஆம் ஆண்டு முதல் ஒரு ரேடியோ தொலைநோக்கி இயங்கி வருகிறது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். அதைக் கட்டியவர்கள் சமதரையைத் தேடவில்லை. வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். காரணம் என்ன? உதகையின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 டிகிரிதான். சரிவும் அட்சரேகையும் ஒத்துப்போனால், தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. பிறகு அந்த ஓர் அச்சைப் பற்றிச் சுழற்றினாலே போதும். வானத்தில் நகரும் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்கலாம்.

அதன் கண்ணாடி உண்மையில் கண்ணாடியன்று. இணையாக இழுத்துக் கட்டப்பட்ட 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். கம்பிகளுக்கு இடையே காற்று தாராளமாகப் புகுந்து செல்லும். ஆயினும் ரேடியோ அலை அதில் பட்டுத் திரும்புகிறது. தொலைநோக்கி இயங்கும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் சுமார் 92 சென்டிமீட்டர். அலைநீளத்தோடு ஒப்பிடக் கம்பிகளின் இடைவெளி மிகச் சிறிது. ஆதலால் அலைக்கு அது முழுப் பரப்பாகவே தோன்றுகிறது. இதை விளங்கிக்கொள்ள வேண்டியது எந்த வகுப்பில்? மின்காந்தவியல் வகுப்பில்.

இத்தொலைநோக்கி எவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டும்? அலைநீளத்தை நீளத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். 92 சென்டிமீட்டரை 530 மீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வருகிறது. இது நாம் ஒளியியலில் விளிம்பு விளைவு என்ற தலைப்பில் படித்த கணக்கேயன்றி வேறில்லை.

இன்னும் நுட்பமாகக் காண வேண்டுமாயின் தொலைநோக்கியின் நீளத்தைக் கூட்ட வேண்டும். ஓர் அளவுக்கு மேல் அது இயலாது. எனவே தூரத்தில் தூரத்தில் சிறிய அலைவாங்கிகளை நிறுத்தி இணைக்கின்றனர். புனேயை அடுத்து அமைந்துள்ள மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் உள்ளன. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 இணைகள். ஒவ்வோர் இணையும் யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையைத் திருப்பிப் போட்டதைப் போன்றது. அவ்விணைகள் தரும் எண்களிலிருந்து வானத்தின் படத்தை மீட்டெடுப்பதற்கு உதவுவது ஃபூரியே மாற்றம் என்னும் கணித முறை. இந்தத் தொகுப்பு முறையை வளர்த்தமைக்காகவே மார்ட்டின் ரைல் 1974ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார். எம்-87 கருந்துளையின் படமும் இதே கொள்கையால் எடுக்கப்பட்டதுதான். அங்கே அலைவாங்கிகள் கண்டங்கள் தோறும் பரவி நின்றன என்பதே வேறுபாடு.

இனி, வானத்திலிருந்து வரும் அலையைப் பார்ப்போம். விண்வெளியில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் கதிர் வீசும் என்று 1944இல் கணித்துச் சொன்னார் ஹாலந்து நாட்டு வான் டி ஹுல்ஸ்ட். 1951இல் அது கண்டறியப்பட்டது. எலெக்ட்ரானின் தற்சுழற்சியும் புரோட்டானின் தற்சுழற்சியும் ஒரே திசையில் இருப்பதற்கும் எதிரெதிராக இருப்பதற்கும் உள்ள சிறு ஆற்றல் வேறுபாடே அதன் பிறப்பிடம். இது குவாண்டம் இயக்கவியல். 1967இல் ஜோசலின் பெல் கண்ட துடிப்பு விண்மீன்களின் துடிப்பில், உயர் அதிர்வெண் முதலிலும் தாழ் அதிர்வெண் பின்னரும் வந்து சேர்கின்றன. இடையிலுள்ள எலெக்ட்ரான்களுக்கிடையே அலை செல்லும் வேகம் அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதே காரணம். இதுவும் மின்காந்தவியல். வந்து சேரும் குறிப்பு இரைச்சலில் புதைந்து கிடக்கிறது. ஒரு நொடிக்குப் பதில் நூறு நொடி சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். நூறில் ஒரு பங்காகாது. ஏன் என்று சொல்வது புள்ளியியல்.

இவ்வளவையும் கூட்டிப் பாருங்கள். ரேடியோ வானியலாளர் ஒருவர் நாள்தோறும் எடுத்தாளும் கருவிகளுள் எத்தனை "வானியற்பியல்" என்ற பெயருள்ள பாடத்தில் இருக்கின்றன? பெரும்பாலானவை நம் பழைய, பெயர் கவர்ச்சியற்ற பாடங்களில் இருக்கின்றன.

கப்பலில் போட்ட கணக்கு

தொலைநோக்கிக்கு மட்டுந்தான் இது பொருந்தும், கொள்கை ஆய்வுக்குப் பொருந்தாது என்று யாரும் எண்ண வேண்டா. சென்னை மாநிலக் கல்லூரி நம் கல்லூரியைப் போலவே ஓர் அரசுக் கல்லூரி. அங்கே பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930ஆம் ஆண்டு தம் 19ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணத்தில் அவர் போட்ட கணக்கே, வெண்குறு விண்மீன் ஒன்றின் நிறைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்ற முடிவுக்கு வழிகாட்டியது. இன்று அது சந்திரசேகர் எல்லை எனப்படுகிறது. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்கணக்குக்கு அவர் கையில் இருந்த கருவிகள் எவை? 1928இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்திருந்தார். மாணவராக இருந்த சந்திரசேகர் அவரைச் சந்தித்து, புதிய குவாண்டம் கொள்கையையும் ஃபெர்மி-டிராக் புள்ளியியலையும் பற்றி அறிந்துகொண்டார். சோமர்ஃபெல்டு அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது விண்மீன்களையன்று. உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் முறையை. அதே புள்ளியியலை ஃபவுலர் 1926இல் வெண்குறு விண்மீனுக்குப் பொருத்தியிருந்தார். சந்திரசேகர் அதனோடு சிறப்புச் சார்பியலைச் சேர்த்தார். எல்லை பிறந்தது.

செம்புக் கம்பிக்குள் இருக்கும் எலெக்ட்ரானுக்கு உதவிய கணக்கு, வானத்து விண்மீனுக்கும் உதவியது. இயற்கைக்குப் பாடப் பிரிவுகள் கிடையா. நாம் வசதிக்காகப் போட்டுக்கொண்ட வரப்புகள் அவை.

ரேடியோ வானியலுக்கு நம் நாட்டில் அடித்தளமிட்ட கோவிந்த் சுவரூப்பின் வாழ்வும் இதையே காட்டுகிறது. 1950இல் அலகாபாத்தில் எம்.எஸ்ஸி. முடித்த அவர், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கே. எஸ். கிருஷ்ணனின் கீழ் முதலில் ஈடுபட்டது எலெக்ட்ரான் காந்த ஒத்ததிர்வு பற்றிய ஆய்வில். அதற்கான நுண்ணலைக் கருவியை அமைக்கும் பணி அது. 1953இல் ஆஸ்திரேலியா சென்றபோது ரேடியோ வானியலில் அவர் கால்வைக்க அந்தக் கைப்பழக்கம் வீணாகவில்லை. உதகைத் தொலைநோக்கியும் புனேத் தொலைநோக்கியும் அவர் தலைமையில் எழுந்தவை.

ஓர் அளவுகோல்

அப்படியானால் எதை எடுப்பது, எதை விடுவது? நான் சொல்லும் அளவுகோல் எளியது. பின்னாளில் தனியே அமர்ந்து படித்துக்கொள்ளக் கூடியதை ஒத்திவையுங்கள். தனியே படிக்க முடியாததை வகுப்பில் எடுங்கள்.

விண்மீன்களின் வகைகள், கோள்களின் அமைப்பு, விண்மீன் திரள்களின் வடிவங்கள் ஆகியவற்றை ஆர்வமுள்ள மாணவர் கோடை விடுமுறையில் நூலகத்திலிருந்து ஒரு நல்ல நூலைப் பெற்றுப் படித்துவிட முடியும். ஆனால் பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டையோ, கலப்பெண் சார்புகளையோ, மாக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து கதிர்வீச்சைப் பெறுவதையோ ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் போட்டுக் காட்ட, நாமும் வீட்டில் போட்டுப் பார்த்து, பிழையைத் திருத்திக்கொண்டால் அல்லாமல் கைவருவது அரிது. செய்முறைக் கூடமும் அப்படியே. அலைவு காட்டியைத் தொட்டுப் பழகாமல் புத்தகத்தில் படித்து அறிய இயலாது.

ஒரு பாடம் எவ்வகையைச் சேர்ந்தது என்று எப்படி அறிவது? பெயரைப் பார்க்காதீர்கள், முந்தைய ஆண்டுகளின் வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். கேள்விகளெல்லாம் "சிறுகுறிப்பு வரைக", "விவரிக்க" என்றே இருந்தால் அதை நீங்களே படித்துக்கொள்ளலாம். "நிறுவுக", "தருவிக்க", "கணக்கிடுக" என்று இருந்தால் அதற்கு வகுப்பும் ஆசிரியரும் வேண்டும். மூத்த மாணவர்களிடம் ஐந்து நிமிடம் கேட்டாலே இது விளங்கிவிடும்.

இந்த அளவுகோலின்படி, ரேடியோ வானியலை நாடும் மாணவர்க்கு நான் வகுக்கும் வரிசை இது. முதலாவது கணித இயற்பியல். அதிலும் ஃபூரியே பகுப்பாய்வு. இரண்டாவது மின்காந்தவியல். மூன்றாவது வெப்பவியலும் புள்ளியியல் இயக்கவியலும். நான்காவது குவாண்டம் இயக்கவியல். ஐந்தாவது மின்னணுவியல் செய்முறையும் கணினி நிரல் எழுதுதலும். இன்று வானியல் தரவுகளைக் கையாள்வோர் பைத்தான் மொழியைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். அதைக் கற்கக் கட்டணமும் தேவையில்லை. இவ்வைந்துக்கும் பிறகு இடமிருந்தால் வானியற்பியல் விருப்பப் பாடம்.

துணைப்பாடமாக வரும் கணிதத்தைத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்து ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. விண்ணாய்வை விரும்பும் மாணவர்க்கு அது துணைப்பாடமன்று. முதன்மைப் பாடம் என்றே கொள்ள வேண்டும்.

நுழைவுத் தேர்வுகளும் இதையே உறுதிப்படுத்துகின்றன. முதுகலைச் சேர்க்கைக்கான ஐ.ஐ.டி. 'ஜாம்' தேர்வின் இயற்பியல் பாடத்திட்டத்தையும், ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். 'நெட்' தேர்வின் இயற்பியல் பாடத்திட்டத்தையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். கணித முறைகள், இயக்கவியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், மின்னணுவியல் ஆகியவை இரண்டிலும் வரும். 'நெட்' தேர்வில் குவாண்டம் இயக்கவியலும் புள்ளியியல் இயற்பியலும் இன்னும் ஆழமாகக் கேட்கப்படும். வானியற்பியல் என்ற தனித் தலைப்பு இரண்டிலும் இல்லை. வாசலில் நிற்பவர் கேட்காத ஒன்றுக்காக, கேட்கும் ஒன்றை விட்டுவிட்டு வருவது அறிவுடைமை ஆகுமா?

சில மறுப்புகள்

என் கருத்துக்கு மறுப்பு உண்டென்பதை அறிவேன். "விருப்பமான பாடத்தைப் படித்தால்தானே ஆர்வம் நிலைக்கும்? மூன்றாண்டு, ஐந்தாண்டு அடிப்படையையே படித்துக்கொண்டிருந்தால் ஆசையே வற்றிப்போகாதா?" என்று கேட்கலாம். இதில் உண்மை இருக்கிறது. ஆர்வம் வற்றினால் கணக்கும் வராது. ஆகவேதான் வானியற்பியலைத் துறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கணித இயற்பியலுக்குப் பதிலாக அதை எடுக்காதீர்கள் என்கிறேன். ஆர்வத்துக்கு வேறு வழிகள் உண்டு. முதுகலை இறுதியில் எழுதும் ஆய்வேட்டுக்கு வானியல் தலைப்பை எடுத்துக்கொள்ளலாம். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து வழங்கும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். காவலூர் வான்நோக்ககமும் கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. துறை சார்பில் ஒரு கல்விச் சுற்றுலா போய்வரலாம்.

"எல்லாச் சிறப்புப் பாடங்களும் தனியே படிக்கக் கூடியவைதாமா?" என்பது மற்றொரு கேள்வி. இல்லை. பொதுச் சார்பியலை எடுத்துக்கொள்ளுங்கள். அது சிறப்புப் பாடந்தான்; ஆனால் அதன் கணிதத்தைத் துணையின்றிக் கற்பது கடினம். ஈர்ப்புக் கொள்கையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர், அதைக் கணக்குகளோடு நடத்தும் ஆசிரியர் கிடைத்தால் தயங்காமல் எடுக்க வேண்டும். அளவுகோல் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். சிறப்புப் பாடம் என்பதற்காக விடுவதுமில்லை, எடுப்பதுமில்லை.

இன்னொன்றும் உண்டு. 20 வயதில் நாம் விரும்பும் பிரிவும் 25 வயதில் நாம் ஆய்வு செய்யும் பிரிவும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் ஈர்ப்பலைகள் முதன்முதலாகப் பதிவாயின. அதைப் பதிவு செய்த கருவி நான்கு கிலோமீட்டர் நீளக் கைகளைக் கொண்ட ஒரு மைக்கல்சன் குறுக்கீட்டுமானி. நம் ஒளியியல் பாடத்தில் வரும் அதே மைக்கல்சன். அத்தகைய ஆய்வகம் ஒன்றை மராட்டிய மாநிலத்தில் அமைக்க நம் அரசு 2023இல் ஒப்புதல் அளித்தது. நாளை அங்கே பணிபுரிய ஒளியியலும் லேசரும் வெற்றிடத் தொழில்நுட்பமும் அறிந்தவர் வேண்டும். அடிப்படை உறுதியாக உள்ளவர் அத்திசையில் எளிதில் திரும்பலாம். குறுகிய ஒரு பெயரைப் பற்றிக்கொண்டவர்க்கு அது இயலாது.

கல்வித் துறையினர்க்கு ஒரு வேண்டுகோள்

மாணவர்க்கு மட்டும் அறிவுரை கூறிவிட்டு அமைவது முறையாகாது. பாடத்திட்டம் வகுப்போர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். கவர்ச்சியான பெயர்களில் புதிய தாள்களைச் சேர்ப்பது எளிது. சேர்க்கை விளம்பரத்துக்கும் அது உதவலாம். ஆனால் அதற்காகச் செய்முறை நேரத்தையும் கணிதத்துக்கான நேரத்தையும் குறைத்தால், நாம் மாணவர்க்குக் கொடுப்பது பெயர்ப்பலகையே; கட்டடத்தையன்று. புதிய தாள் வேண்டாம் என்பதில்லை. எதை எடுத்துவிட்டு அதை வைக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் போன்ற கல்லூரிகளில் பணச் செலவில்லாமல் செய்யத்தக்க ஒன்றும் இருக்கிறது. கணிதத் துறையில் வகைக்கெழுச் சமன்பாடுகளும் கலப்பெண் பகுப்பாய்வும் நடக்கும் வகுப்புகளில், விரும்பும் இயற்பியல் மாணவர் சிலர் பின்வரிசையில் அமர்ந்து கேட்க இரு துறைகளும் இசைவு தரலாம். மதிப்பெண்ணும் வேண்டாம்; தேர்வும் வேண்டாம். அந்த ஓர் ஏற்பாடு, சிறப்புத் தாள் ஒன்றைக் காட்டிலும் மிகுந்த பயன் தரும் என்பது என் நம்பிக்கை.

அகல உழுவதினும் ஆழ உழுவது மேல் என்பது நம் உழவர் பழமொழி. மாணவ நண்பர்களே, நம் கல்லூரியில் வானியற்பியல் என்ற பெயருள்ள பாடம் இல்லையே என்று ஏங்கி நிற்காதீர்கள். ரேடியோ வானியலுக்கு வேண்டிய அடித்தளம் உங்கள் கால அட்டவணையிலேயே இருக்கிறது. அடுத்த வாரம் விருப்பப் பாடப் படிவம் உங்கள் கைக்கு வரும்போது, முதலில் நூலகத்துக்குச் சென்று பழைய வினாத்தாள்களைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாடத்தைத் தனியே படிக்க முடியாதோ அதற்கு நேரே குறியிடுங்கள். மற்றதைக் கோடை விடுமுறை பார்த்துக்கொள்ளும்.